பின்னால் நின்று கூப்பிடுகிறவர்கள்

பிரேம்குமாரைப் பார்த்த முதல் நாளே கலையரசிக்கு அவன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவன் சொன்ன ஒரே வாக்கியம்தான் காரணம்.

“கேக்குது மேடம். ஆனா புரியாது.”

காது கேட்காதவர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் அவள். இப்படி ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதுவும் இவ்வளவு தெளிவான பேச்சில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பா நாகேந்திரன் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். ஜோலார்பேட்டையில் ரயில்வே டிராக் வேலை பார்ப்பவர்.

“மாற்றுத்திறனாளி கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போனேன் மேடம். கார்டு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. இவனுக்கு நல்லாத்தான் கேக்குதுன்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா…”

“நான் இன்னா சொல்லணும்?” என்றாள் கலையரசி.

“இல்ல, ரயில்வேயில கோட்டா இருக்குது. கார்டு இருந்தா எழுதிப் போடலாம்.”

போதும். அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. காது கேட்கிற பையன், வேலை வேண்டும் என்கிற அப்பா, நடுவில் ஒரு கார்டு. இருந்தாலும் முகத்தில் எதையும் காட்டாமல், “ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லுங்க, பாப்போம்” என்று அனுப்பிவைத்தாள்.

ஆம்பூர் பைபாஸ் ரோட்டை ஒட்டி, ஷூவுக்கு லேஸும் பக்கிளும் விற்கிற கடையின் மாடியில் இருக்கிற இரண்டு அறைகள்தான் அவள் வேலை பார்க்கும் மையம். ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. பள்ளிப் படிப்பை முடித்த காது கேளாத பிள்ளைகள் ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து வருவார்கள். கம்பெனி இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும், சம்பளத்தில் ஏன் பிடித்தார்கள் என்று எழுதிக் கேட்பது எப்படி, துணைக்கு ஆள் இல்லாமல் டாக்டரைப் பார்ப்பது எப்படி, பஸ்ஸில் ஒருவன் உரசினால் என்ன செய்வது, பிடிக்காத கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று எல்லாவற்றையும் அவள் சைகையில் சொல்லிக்கொடுப்பாள். வீட்டில் இந்தப் பிள்ளைகளிடம் யாரும் இதையெல்லாம் பேசியிருக்க மாட்டார்கள். சாப்பிடு, தூங்கு, வா, போ. பல வீடுகளில் இந்த நான்கோடு சைகை முடிந்துவிடும்.

கலையரசியின் அப்பா கோவிந்தசாமிக்கும் அம்மா பட்டம்மாளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. இருவரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கலையரசிக்கு நன்றாகக் கேட்கும். பேச்சு வருவதற்கு முன்னாலேயே கையால் பால் கேட்டவள் அவள். பேச்சு வந்த பிறகு வீட்டுக்கு அவள்தான் வாய். ரேஷன் கடை, பேங்க், கம்பெனி ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவாள்.

காது கேட்காதவர்களுக்கு முன்னால் மனிதர்கள் எதையும் மறைப்பதில்லை. ஒருநாள் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே பேசினார். “ஊமைங்களுக்கு வீடு குடுத்தது என் தப்பு. பேஜாராப் போச்சு.” அப்பாவும் பதிலுக்குச் சிரித்துவிட்டு மகளைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். கலையரசிக்கு அப்போது எட்டு வயது இருக்கும். தண்ணீரைப் பார்த்துச் செலவு செய்யச் சொல்கிறார் என்று கையால் சொன்னாள். அப்பா நன்றியோடு தலையாட்டினார்.

அன்றிலிருந்து எந்தச் சிரிப்பையும் அவள் நம்பியதில்லை. கடைக்காரர் கணக்கைச் சொன்னால் மறுபடி கூட்டிப் பார்ப்பாள். யாராவது தானாக வந்து உதவி செய்தால் ஏன் என்று யோசிப்பாள். கம்பெனி பஸ் ஓட்டுகிற ஜான்சனைக் கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. “உனக்குப் போலீஸ்ல வேலை கெடச்சிருக்கணும்” என்று கல்யாணமான புதிதில் அவன் விளையாட்டாகச் சொல்வான். பிறகு அதையே விளையாட்டில்லாமலும் சொன்னான்.

சந்தேகப்படாமல் விட்டதன் பலனையும் அவள் ஒருமுறை அனுபவித்திருந்தாள். சில வருஷங்களுக்கு முன்னால் கார்டோடு ஒருவன் வந்தான். கொஞ்சம் சைகை கற்றுக்கொண்டான், அமைதியாக இருந்தான். மையம் சிபாரிசு செய்ய, ஒரு ஷூ கம்பெனியில் காது கேளாதவருக்கென்று இருந்த இடத்தில் சேர்ந்தான். ஒருநாள் கேன்டீனுக்குப் பின்னால் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது மாட்டிக்கொண்டான். அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டிய பெண், அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி மையத்திலிருந்து யாரையும் எடுக்கவில்லை.

பிரேம்குமார் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். மெலிந்த, உயரமான பையன். இருபது வயது. சைகை ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் கையைப் பார்ப்பான், உதட்டைப் பார்ப்பான், கடைசியில் தரையைப் பார்ப்பான். கீழே ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் திரும்புவான். மற்ற பிள்ளைகள் யாரும் திரும்ப மாட்டார்கள்.

கலையரசி சோதித்துப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்று, “பிரேம்” என்றாள். திரும்பினான். இன்னொரு நாள் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. மூன்றாவது முறை அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, “மேசை மேல சாவி இருக்குது, எடுத்துட்டு வா” என்றாள். எழுந்து போனவன் மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினான். முகத்தில் ஒரு கெஞ்சல் சிரிப்பு.

‘நல்லா நடிக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டாள்.

சில நாள் முகத்துக்கு நேராகப் பேசினால் டக்கென்று பதில் சொல்வான். சில நாள் அதே கேள்வியை நான்கு தடவை கேட்டாலும் விழிப்பான். காது கேட்காதவனுக்கு நாளுக்கு ஒரு மாதிரியா கேட்கும்? அவள் அவனுடைய பழைய பள்ளிக்கு போன் செய்தாள். அங்கிருந்த ஆசிரியர் தயங்கவே இல்லை. “அவனா? காதெல்லாம் நல்லாக் கேக்கும்மா. திமிரு. நம்ம பேசுறது புடிக்கலன்னா கேக்காத மாதிரி இருப்பான்.”

பிள்ளைகளுக்கும் அவனைப் பிடிக்கவில்லை. அவர்களில் மூத்தவன் தௌசீப் அகமது. ஆம்பூர்க்காரன், வேகமான கை, அதைவிட வேகமான கோபம். அவன் ஒருநாள் தன் போனில் ஒரு படம் எடுத்து வந்து கலையரசிக்குக் காட்டினான். டீக்கடை பெஞ்சில் பிரேம்குமார் உட்கார்ந்திருக்கிறான். காதில் இயர்போன். கால் தாளம் போடுவதுகூடப் படத்தில் தெரிந்தது.

“பாட்டுக் கேட்கிறான்” என்றான் தௌசீப் சைகையில். “காது கேட்கிறவன். நம்மை வேவு பார்க்க வந்திருக்கிறான்.”

குடியாத்தத்தில் லுங்கித் தறிக் குடும்பத்திலிருந்து வருகிற ஸ்வேதா, “யாருக்காக வேவு பார்க்கிறான்? நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்டாள்.

தௌசீப் அதை விட்டுவிட்டு, பிரேம்குமாருக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தான். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, அப்படியே கண்ணை இடுக்கி எட்டிப் பார்ப்பது. பிள்ளைகள் சிரித்தார்கள். கலையரசி தடுக்கவில்லை. “அவனிடம் ஜாக்கிரதையாக இருங்கள். சொந்த விஷயம் எதுவும் சொல்ல வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் முன்பு ஏமாந்த அந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. காது கேளாதவர்களை மறுபடி எடுக்கத் தயார், ஆனால் இந்தத் தடவை போலி ஆள் வரக் கூடாது என்றார்கள். இன்னொரு தடவை ஏமாந்தால் மையத்தை மூடிவிட வேண்டியதுதான். பிரேம்குமாரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள் கலையரசி. ஒரு ஞாயிறு சாயங்காலம், வகுப்பு முடிந்து அவன் படியிறங்கியதும் அவளும் இறங்கினாள்.

அவன் நேராக ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனான். வழியில் யாரோடும் பேசவில்லை. ஜோலார்பேட்டை வண்டிக்காக முதல் பிளாட்பாரத்தில் நின்றான். கலையரசி டீ ஸ்டாலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இப்போது அவனுக்கு போன் வரும், இல்லையென்றால் யாராவது சிநேகிதன் வருவான், வாய் திறந்து அரட்டை அடிப்பான் என்று காத்திருந்தாள்.

அறிவிப்பு வந்தது. ஜோலார்பேட்டை போகிற வண்டி இன்று வேறு பிளாட்பாரத்தில் வரும் என்றார்கள். பிரேம்குமார் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தான்.

‘கேட்டுடுச்சு பார்’ என்றது அவள் மனம்.

ஆனால் அவன் நகரவில்லை. சுற்றியிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். சிலர் பையைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படிக்கு நடந்தார்கள். சென்னை வண்டிக்காக நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். அவன் பக்கத்திலிருந்த ஒரு அம்மாவிடம் ஏதோ கேட்டான். அந்த அம்மா குழந்தைக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபடி, அவனைப் பார்க்காமலே ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான். நன்றி என்பதுபோல் சிரித்தான். பிறகும் அதே இடத்தில் நின்றான்.

அங்கே அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் யாருக்காக நடிக்க வேண்டும்?

ஜோலார்பேட்டை வண்டி அந்தப் பக்கத்து பிளாட்பாரத்தில் வந்து நின்றது. வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. படியேறி ஓடினான். அவளும் பின்னால் ஓடினாள். அவன் அந்தப் பக்கம் இறங்கும்போது வண்டி நகர ஆரம்பித்திருந்தது. ஓடிக்கொண்டே கைப்பிடியை எட்டினான்.

“பிரேம்! வேணாம்! ஏறாத!”

அந்தக் கத்தல் அவனுக்குக் கேட்டது. ஓடுகிற ஓட்டத்தில் திரும்பிப் பார்த்தான். கால் பின்னிக்கொண்டது. கை வழுக்கி, பிளாட்பாரத்திலேயே முழங்கால் தேய விழுந்தான். வண்டி அவனைத் தாண்டிப் போனது.

நான்கு பேர் கூடிவிட்டார்கள். “அந்தம்மா அவ்ளோ கத்துறாங்க, காது கேக்கல?” என்று ஒருவர் அவனை அதட்டினார். அவன் அவரைப் பார்க்கவில்லை. கலையரசியைத்தான் பார்த்தான்.

“நீங்க எப்படி மேடம் இங்க?”

அவள் மூச்சிரைக்க ஏதோ சொன்னாள். எதிர்ப்பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. அவன் அவள் வாயையே பார்த்தான்.

“வாய் அசையுது. சத்தமும் வருது. வார்த்தை வரல மேடம்.”

அவள் போனை எடுத்து, ‘அடி பலமா?’ என்று தட்டிக் காட்டினாள். அவன் அவளிடமிருந்து போனை வாங்கி, ‘எத்தனை நாளா என் பின்னாடி வர்றீங்க?’ என்று எழுதினான்.

பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, ‘இன்னைக்குத்தான். உனக்குக் காது கேட்கும்னு நினைச்சேன்’ என்று எழுதினாள்.

அவன் படித்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை. “எல்லாரும் அதான் மேடம் நெனைப்பாங்க” என்று சொல்லிவிட்டு, நொண்டியபடி அடுத்த வண்டிக்கு நேரம் பார்க்கப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மெசேஜ் போட்டால் நீலக் குறி விழும், பதில் வராது. கலையரசி பஸ் பிடித்து ஜோலார்பேட்டைக்குப் போனாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டைக் கண்டுபிடித்தபோது நாகேந்திரன் வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“எம் புள்ளைய திருடன் மாதிரி பின்தொடர்ந்து போயிருக்கீங்க.”

“ஆமா சார். தப்புதான்.”

“கார்டு வேணாம் மேடம், ஒண்ணும் வேணாம். அவன் இனிமே வர மாட்டான்.”

“நீங்க அவனை நம்புறீங்களா சார்?” என்று கேட்டாள் கலையரசி.

அவர் ரயில் பாதை இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “நானும் பின்னாடி நின்னு கூப்பிட்டுப் பாத்தவன்தாம்மா. கூப்பிட்டாத் திரும்புவான். சொன்னதைச் செய்ய மாட்டான். வேணும்னே செய்யறான்னு பெல்ட்டால அடிச்சிருக்கேன். அப்புறம் எட்டாவதுல அழுதுகிட்டே ஒருநாள் சொன்னான், நெஜமாவே புரியலப்பான்னு. அன்னைக்கு நம்பினேன். மறுநாள் ஏதோ கேட்டதும் டக்குனு பதில் சொன்னான். திரும்பவும் சந்தேகம் வந்துடுச்சு. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான்.”

உள்ளேயிருந்து அவனுடைய அம்மா தனகோடி வந்தார். பிரேம்குமார் ஜன்னல் ஓரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அவனைக் கூப்பிடவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டார், அவன் நிமிர்ந்து முகம் பார்க்கும்வரை காத்திருந்தார், அப்புறம்தான் பேசினார். கலையரசியின் வீட்டில் எல்லோரும் இப்படித்தான். இந்த அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

“நீங்க எப்பவும் இப்படித்தான் கூப்பிடுவீங்களா?”

“கூப்பிட்டா பயந்து பயந்து திரும்புறான். தொட்டா பயப்பட மாட்டேன்றான். அவ்ளோதான் எனக்குத் தெரியும்” என்றார் தனகோடி.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முழுப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று கலையரசி சொன்னாள். நாகேந்திரனுக்கு மனமில்லை. அங்கேயும் நடிக்கிறான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. பிரேம்குமார்தான் போகலாம் என்றான். “எனக்கே தெரியணும்பா. சில நாள் எனக்கே சந்தேகமா இருக்குது, நான்தான் சரியா கவனிக்கலையோன்னு.”

காது பரிசோதனைப் பிரிவில் ஹெலன் என்ற இளம்பெண் இருந்தாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டி, அவனைப் படுக்கவைத்து, மூளை வரைக்கும் சத்தம் போகிறதா என்று எந்திரம் பார்த்தது. அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. தூங்கினாலும் போதும். நடிக்கவும் முடியாது.

எல்லாம் முடிந்ததும் ஹெலன் அவன் அப்பாவிடம் பேசவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பிரேம்குமார் பக்கம் திருப்பி, பேசப் பேசத் தட்டச்சும் செய்தாள். “சத்தம் உங்க காதுக்குள்ள வருது. காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்புல அது கலைஞ்சிடுது. அதனால சத்தம் இருக்கும், வார்த்தை இருக்காது. இரைச்சலான எடத்துல சுத்தமாப் புரியாது. ஒரு நாள் கொஞ்சம் பரவாயில்லாம இருக்கும், ஒரு நாள் இருக்காது. இந்த மாதிரி இருக்கிறவங்களை எல்லாரும் தப்பாத்தான் நெனைப்பாங்க.”

“காது மெஷின் வெச்சா?” என்றார் நாகேந்திரன்.

“இவருக்கு அது சத்தத்தை ஜாஸ்தி பண்ணும் சார், தெளிவு பண்ணாது. வேற வழி இருக்கான்னு தனியாப் பாக்கலாம். அதுவரைக்கும் எழுத்து, சைகை. அதான் உதவும்.”

நாகேந்திரன் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, “அப்ப நடிக்கலியா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

அந்த அறையில் இரைச்சல் இல்லை. அப்பாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பிரேம்குமாருக்கு அந்தக் கேள்வி முழுதாகப் புரிந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டான். நாகேந்திரன் பின்னாலேயே போய் வராந்தாவில் அவன் பக்கத்தில் நின்றார்.

மையத்தில் பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொல்வது கலையரசி நினைத்த அளவு சுலபமாக இல்லை. அவள் சைகையில் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் தௌசீப் எழுந்தான்.

“அவனிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

“ஆமாம். தப்பாகச் சொல்லிவிட்டேன்.”

“நீங்களும் காது கேட்கிறவர்தான். உங்களை நாங்கள் சோதித்தோமா? கம்பெனிக்காரர்கள் உங்களிடம் ரொம்ப நேரம் பேசுகிறார்கள். நீங்கள் எங்களிடம் கொஞ்சம்தான் சொல்கிறீர்கள். மீதி எங்கே போகிறது?”

மற்ற பிள்ளைகள் அசையாமல் அவள் கையையே பார்த்தார்கள். இது தௌசீப்புக்கு மட்டும் தோன்றியது இல்லை என்று அந்த முகங்களைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அவள் மற்றவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அதில் நியாயமும் இருந்தது. மனம் நோகும் என்று எத்தனை வார்த்தைகளை அவள் விழுங்கியிருக்கிறாள், எத்தனை கேலியைத் தண்ணீர் சிக்கனமாக மாற்றியிருக்கிறாள்!

“வலிக்கும் என்றுதான் சொல்லாமல் விடுவேன்” என்றாள்.

“வலிக்கட்டும்” என்றாள் ஸ்வேதா. அதுவரை அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள். “எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் வீட்டில் இப்படித்தான். எனக்கு வலிக்கக் கூடாது என்று எதையுமே சொல்வதில்லை. என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் நான் எதை வேண்டாம் என்று சொல்வது?”

அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் ஆனது. கலையரசி இருக்கிற இடத்தில் யார் எதைப் பேசினாலும், நல்லதோ கெட்டதோ, அப்படியே கையில் வரும். எதைக் கேட்டுக்கொள்வது, எதை விடுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பிரேம்குமார் திரும்ப வந்தான். வந்ததும் யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. தௌசீப் அவனை ஒரு மாதம்போல ஓரக்கண்ணாலேயே பார்த்தான். இயர்போன் எதற்கு என்று நேராகவே கேட்டான். பிரேம்குமாருக்கு அப்போது கை மெதுவாகத்தான் வரும். தடுமாறித் தடுமாறிச் சொன்னான்.

“தாளம் கேட்கும். அது பிடிக்கும். இன்னொன்று, இயர்போன் போட்டிருந்தால், கூப்பிட்டும் பேசவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டுக் கேட்கிறான் என்று விட்டுவிடுவார்கள்.”

தௌசீப் தன் பையிலிருந்து, போனோடு வந்து சும்மா கிடந்த ஒரு இயர்போனை எடுத்து, எந்த போனிலும் செருகாமல் காதில் மாட்டிக்கொண்டு, பந்தாவாக அறையைச் சுற்றி நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு தௌசீப்தான் அவனுக்குச் சைகை சொல்லிக்கொடுத்தான். ஆனால் அந்தச் சைகைப் பெயர் மட்டும் மாறவில்லை. காதுக்குப் பின்னால் கை, இடுக்கிய கண். பிரேம்குமாரே தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வான்.

வேலூர் ரிப்போர்ட்டைக் காட்டிக் கார்டு கிடைத்த பிறகு கம்பெனி இன்டர்வியூ வந்தது. தௌசீப், ஸ்வேதா, பிரேம்குமார் மூவரும் போனார்கள். பணியாளர் பிரிவு மேலாளர் ஜியாவுதீன், முன்பு ஏமாந்தவர். முதல் இருவரையும் கேள்வி கேட்டு முடித்தார். பிரேம்குமார் வாய் திறந்து, “வணக்கம் சார்” என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கலையரசி பக்கம் திரும்பி, சிரித்தமாதிரி, தணிந்த குரலில் பேசினார்.

“இன்னா மேடம், மறுபடியுமா? இந்தப் பையன் என்னைவிட நல்லாப் பேசுறான். இவன் செவிடா? தோஸ்த் யாராச்சும் கார்டு வாங்கிக் குடுத்தாங்களா?”

கலையரசியின் கைகள் எழுந்தன. அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அந்தச் சிரிப்பு உட்பட, சைகையில் சொன்னாள். தௌசீப்பின் முகம் சிவந்தது.

“மேடம், இன்னா பண்றீங்க நீங்க?”

“நீங்க சொன்னதைச் சொல்றேன் சார். அதுதான் என் வேலை.”

“அதை நான் உங்ககிட்ட சொன்னேன்.”

“இவங்களைப் பத்தித்தானே சார் சொன்னீங்க?” இதையும் அவள் கையால் சொன்னாள்.

ஜியாவுதீன் நாற்காலியில் நெளிந்தார். பிரேம்குமார் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

“சார், எனக்குச் சத்தம் கேக்கும். வார்த்தை புரியாது. இந்த ரூம்ல, உங்க வாயைப் பாத்தா பாதி புரியும். உள்ள மெஷின் ஓடுற எடத்துல ஒண்ணுமே புரியாது. பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்புவேன், ஆனா இன்னா சொன்னீங்கன்னு தெரியாது. எழுதிக் காட்டினா, இல்ல சைகை பண்ணினா, சொன்ன வேலையச் செய்வேன். சந்தேகமா இருந்தா வெச்சுப் பாருங்க. எனக்கே முன்னாடி சந்தேகமாத்தான் இருந்துச்சு.”

தௌசீப்பும் ஸ்வேதாவும் அன்றே தேர்வானார்கள். பிரேம்குமாரிடம், ‘பிறகு சொல்கிறோம்’ என்றார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதற்கு மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. அதற்குள் நாகேந்திரன் இரண்டு தடவை கலையரசிக்கு போன் செய்து, “வேணும்னே இழுக்கறாங்களா மேடம்?” என்று கேட்டார். அவளுக்கும் அதே சந்தேகம்தான். கடைசியில், செக்கிங் பிரிவில் தற்காலிகமாகப் பார்க்கலாம் என்று அழைத்தார்கள். ஷூவின் தையலில் கோணல் இருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. தௌசீப்போடு சேர்ந்து ஆம்பூரிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டான். வீட்டை விட்டுத் தனியாக இருப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அவனுடைய அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் சமைக்கத் தெரியவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவன் சேர்ந்து சில மாதங்கள் கழித்து, ஒரு காலையில் கலையரசிக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அன்று அவள் வாணியம்பாடியில் ஒரு புதிய பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தாள். லைன் சூப்பர்வைசர் படபடவென்று பேசினார். பிரேம்குமார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அவன் பாட்டுக்கு வேலை செய்கிறான், ஒரு பெட்டி முழுக்கத் தப்பாகப் பிரித்துவிட்டான், மெமோ கொடுக்கப் போகிறோம், நீங்கள் வந்தால் நல்லது என்றார்.

அவள் ஓடிப்போய் ஆம்பூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனம் கணக்குப் போட்டது. வேண்டுமென்றே மாட்டிவிடுகிறார்களா? யாராவது மேலே போய் ஏதாவது சொல்லியிருப்பார்களா? இல்லை, இவன்தான் அசட்டையாக இருந்துவிட்டானா? போய் யாரிடம் எதை முதலில் கேட்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. பிரேம்குமாரின் மெசேஜ்.

‘உங்களுக்கு போன் பண்ணாங்களாம். வர வேணாம் மேடம். நான் எழுதிக் காட்டிப் பேசிட்டேன். பெட்டி விஷயத்துல தப்பு என்னுதுதான், திரும்பப் பிரிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேன். கூப்பிட்ட விஷயத்துல தப்பு அவருது. அதையும் சொல்லிட்டேன்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். உண்மையிலேயே பேசியிருப்பானா, இல்லை அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்கிறானா என்று ஒரு கணம் தோன்றியது. போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும்?

பஸ் பாதி வழியில், விண்ணமங்கலத்தில் நின்றது. கலையரசி இறங்கினாள். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், வாணியம்பாடி பஸ்ஸுக்கு நின்றாள். அங்கே அந்தப் புதிய பெண்ணின் வீட்டில் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.